ஒன்பதாம் பக்கத்துப் பானை

பத்து விரலுக்கும் தொப்பி வச்சாச்சு. இனி இது காயுற வரைக்கும் நான் கையில்லாத பொம்பளை. உள்ளங்கையில பெருசா ஒரு வட்டம், சுத்திலும் புள்ளி, விரல் நுனியில பச்சைத் தொப்பி, அது நல்லாச் செவக்கணும்னு மேல எலுமிச்சைச் சாத்தையும் சர்க்கரையையும் வேற தொட்டு வச்சுட்டா உலகு. உலகம்மாள், என் தங்கச்சி. நாளன்னைக்கு அவ மக அபிநயாவுக்குக் கல்யாணம். கோன் மருதாணி இந்த வீட்டுக்குள்ள நுழையக்கூடாதுன்னு சட்டம் போட்டு, மரத்துல உருவுன இலையை அரைச்சு, யுனிவர்சிட்டியில பாடம் எடுக்கிற கையாச்சேன்னுகூடப் பார்க்காம அப்பிவிட்டுட்டு, "எக்கா, கீழ ஒரே கூட்டம், ஒருத்தி இல்லாட்டி ஒருத்தி வந்து இடிச்சிருவா, நீ மாடி ஷெட்டுல போய் உக்காரு, அங்கன ஃபேன் இருக்கு"ன்னு ஏத்திவிட்டுட்டா. ஃபேன் இருக்கு. கரண்டுதான் இல்ல. நான் ஏறி வந்து நாற்காலியில உக்காரவும் அது போகவும் சரியா இருந்துச்சு. தலைக்கு மேல தகரம். கோவில்பட்டி வெயில், உச்சிப்பொழுது, தகரக் கூரை. இந்த வீட்டுல எத்தனை இடம் கிடக்கு, எனக்குன்னு பார்த்து இந்த இடத்தைக் கொடுத்திருக்கா பாரு. சுத்தி வாடகைப் பாத்திரம், அண்டா, கரண்டி, வாழைத்தார், மடக்கு நாற்காலி. எதிர்ல ஒரு ஸ்டூலு, அதுமேல ஒரு தூக்குவாளி, அதுல சாய்ச்சு வச்சபடி என் போன். அபிநயாதான் வச்சுவிட்டுப் போனா. "பெரியம்மா, ஸ்கிரீன் அணையாத மாதிரி பண்ணியிருக்கேன், முட்டுக்கையால தள்ளிப் படிச்சுக்கோங்க"ன்னு சொல்லிட்டு ஓடிட்டா. கல்யாணப் பொண்ணு ஓடுறா, நான் உக்காந்திருக்கேன்.

போன்ல ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை திறந்து கிடக்கு. அடியில ரெண்டு பட்டன். பச்சைன்னா அதை எங்க ஆய்வுல சேர், சிவப்புன்னா விடு. சாயங்காலத்துக்குள்ள நான் ரெண்டுல ஒண்ணை அமுக்கியாகணும், ஏன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல கூட்டம். கேள்வி என்னவோ சின்னக் கேள்விதான். தகரக் கூரை போட்ட பள்ளிக்கூடத்துல கூரைமேல வெள்ளைச் சுண்ணாம்பு அடிச்சா பிள்ளைங்க மத்தியானம் நல்லாப் படிப்பாங்களா? இந்தத் தாலுகாவுல அப்படிப் பள்ளிக்கூடம் நிறைய இருக்கு. கல்வி ஆபீஸர் நேருக்கு நேரா சொல்லிட்டாரு. "கூரை குளிரும்னு சொன்னாப் பத்தாது மேடம், கூரையா பரீட்சை எழுதப்போகுது? பிள்ளைங்க படிப்புக்கு உதவும்னு ஆராய்ச்சி இருந்தாக் காட்டுங்க, கோடைக்கு முன்னால எல்லாத்துக்கும் அடிச்சிரலாம்." நியாயமான மனுசன். என்கிட்ட இருக்கிற கட்டுரை எல்லாம் கூரையை அளந்த கட்டுரை. பிள்ளைங்களை அளந்தது இது ஒண்ணே ஒண்ணுதான். ஆந்திராப் பக்கம் எங்கயோ ரெண்டு பள்ளிக்கூடம், ஒண்ணுக்கு வெள்ளை அடிச்சு, இன்னொண்ணை அப்படியே விட்டு, மத்தியானத்துல பிள்ளைங்க கணக்குல பண்ணுற தப்பை எண்ணியிருக்காரு ஒரு மனுசன். வெள்ளை அடிச்ச பள்ளிக்கூடத்துல தப்பு பாதியாக் குறைஞ்சிருச்சு. பாதி! இதை மட்டும் சேர்த்துட்டா திங்கக்கிழமை நான் நெஞ்சை நிமித்திக்கிட்டுப் போகலாம். இசக்கியம்மாவுக்கும் ஒரு பதில் சொல்லலாம். போன வருஷம் ஏப்ரல்ல ஒரு பள்ளிக்கூடம் பார்க்கப் போனேன், மத்தியானச் சாப்பாடு முடிஞ்ச நேரம். பிள்ளைங்க எல்லாம் நோட்டை விரிச்சுத் தலைமேல கவுத்தி வச்சிருக்காங்க, கூரை எரியுது. நாலாங்கிளாஸ் இசக்கியம்மா மட்டும் நோட்டை மடியில வச்சுக்கிட்டுச் சும்மா பார்த்துக்கிட்டு இருக்கா. ஏம்மா எழுதலைன்னேன். "எழுத்து நெளியுது டீச்சர்"ன்னா. காலையில நெளியாதான்னு கேட்டேன். "காலையில சும்மா நிக்கும்"ன்னா. அவ கிளாஸ் டீச்சர் அவளை மக்குன்னு என்கிட்ட சொன்னாங்க, அவ காதுல விழுற மாதிரி. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தகரத்தைப் பிச்சு எறிஞ்சிருப்பேன்.

எங்க துறையில வழக்கமாப் பண்ணுற மாதிரி பண்ணியிருந்தா இந்தத் தொல்லையே கிடையாது. கல்வியியல்ல முன்னோர் ஆய்வுன்னா எங்களுக்குப் பிடிச்சவங்க பேரை எல்லாம் வரிசையா அடுக்கி, அவர் இப்படிச் சொன்னார், இவர் இப்படிச் சொன்னார், ஆகவே நானும் அப்படியே சொல்கிறேன்னு முடிக்கிறது. பிடிக்காதது கண்ணுலயே படாது. நானே எத்தனை பிள்ளைங்களுக்கு அப்படி எழுதினதுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கேன், ஊரே அப்படித்தான் இருந்துச்சு. இந்த சிஸ்டமேட்டிக் ரிவ்யூங்கிறது நிஷா கொண்டுவந்த சாமான். ரஹ்மத் நிஷா, மெடிக்கல் காலேஜ்ல இருக்கா, என்னைவிடப் பதினைஞ்சு வயசு சின்னவ. டாக்டருங்க மருந்துக்குப் பண்ணுற வேலையாம் இது, எந்த மருந்து நிஜமாக் கேக்குது, எது சும்மா பேரு வாங்குதுன்னு பார்க்க. ஒரு கேள்வியை எடுத்துக்கணும். எந்த மாதிரிக் கட்டுரையைச் சேர்ப்போம், எதை விடுவோம்னு முதல்லயே சட்டம் எழுதி, உலகமே பார்க்கிற மாதிரி வெளியில போட்டுடணும். அதுக்கப்புறம்தான் கட்டுரையைத் தொடணும். உலகத்துல யாரு எங்க எழுதியிருந்தாலும் வலை வீசி அள்ளணும், நமக்குச் சாதகமா பாதகமான்னு பார்க்கக் கூடாது. அள்ளினதை ரெண்டு பேரு தனித்தனியாப் படிக்கணும், ஒருத்தர் சேர்த்தாரா விட்டாரான்னு இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாது. ரெண்டு பேரும் ஒத்துப்போகலேன்னா மூணாவது ஆளு. அதுதான் நான். முதல்ல கேட்டப்போ, இதென்னடி ஒருத்தரை ஒருத்தர் நம்பாத பொழப்புன்னு சிரிச்சேன். "இல்ல மேடம், நம்மளை நாமளே நம்பாத பொழப்பு"ன்னா நிஷா. அன்னைக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. போகப்போக அசந்துபோயிட்டேன். அம்பது வருஷமா நான் நியாயம்னு நினைச்சது வேற, நியாயம்ங்கிறது வேற. எங்க உலகு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிக்கும்போது சட்டம் போட்டா: வேலை பக்கத்து ஊர்ல இருக்கணும், கூடப்பொறந்த பொண்ணு இருக்கக் கூடாது, மீசை இருக்கணும். வரப்போற மாப்பிள்ளைக்குப் புனேயில வேலை, மூணு அக்கா, மீசையைத் தேடினாலும் கிடைக்காது. பையன் வாசல்ல நின்னு ஒரு சிரிப்புச் சிரிச்சான், உலகு சட்டம் எல்லாம் காத்துல போயிருச்சு. கல்யாணத்துக்கு அது சரி. சிரிப்புதான் முக்கியம். ஆனா ஒரு ஊர்ப் பிள்ளைங்களுக்கு முடிவு பண்ணும்போது சிரிப்புல விழக் கூடாது பாரு, அதுக்குத்தான் இத்தனை கட்டுக்காவல். என்னா ஒரு மூளை இதைக் கண்டுபிடிச்சிருக்கும்! அந்த ஆளு தன்னையே எவ்வளவு சந்தேகப்பட்டிருக்கணும்.

இந்தக் கட்டுரையை ஒருத்தர் சேர், ஒருத்தர் விடுன்னு சொல்லியிருக்காங்க. யாரு எதுன்னு எனக்குத் தெரியாது, நான் அமுக்கினதுக்கு அப்புறம்தான் பேரு தெரியும். தெரியாதுன்னு பேருதான். இதுல தெரிய என்ன இருக்கு? சேர்னு சொன்னவ நிஷா. விடுன்னு சொன்னவரு இன்பராஜ். இன்பராஜ் இன்ஜினியரிங் காலேஜ்ல கட்டடம் பாடம் எடுக்கிறவரு. முதல் கூட்டத்துலயே சுண்ணாம்புன்னு சொன்னதும் உதட்டைப் பிதுக்கினாரு. "சுண்ணாம்பு ஒரு மழைக்குத் தாங்காது மேடம். கோழிக்கூண்டுக்கு வேணா அடிக்கலாம்"ன்னாரு. கூரையைத் தூக்கிக் காத்து வர வழி பண்ணணுமாம், அதுதான் நிஜமான வேலையாம். அதுக்கு எந்தக் காலத்துல பணம் வந்து, எந்தக் காலத்துல கொத்தனார் வந்து? இசக்கியம்மாவுக்குக் கல்யாணமே ஆயிரும். இன்னொரு நாள் டீ குடிச்சுக்கிட்டே என்கிட்டச் சொல்லுதாரு, "உங்க துறையில ஆசைதானே மேடம் ஆராய்ச்சி." என் மூஞ்சிக்கு நேரா! டீயைக் கீழ வச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன். இப்பவும் நினைச்சா வயிறு எரியுது. இந்தக் கட்டுரையைக் கண்டதும் அவருக்குக் கை துறுதுறுத்திருக்கும், சிவப்பைப் போட்டு அமுக்கியிருப்பாரு. நிஷா பாவம். பள்ளிக்கூடம் பார்க்க அவளையும் கூட்டிட்டுப் போனேன், ஒரு பையன் நெத்தியில கை வச்சுப் பார்த்துட்டு வெளிய வந்து கார் பின்னால நின்னு அழுதா. அவ கண்டிப்பாச் சேர்னுதான் சொல்லியிருப்பா. நான் பச்சையை அமுக்கினா நாங்க ரெண்டு பேரு, அவரு ஒத்தை ஆளு. அமுக்கிட வேண்டியதுதானே. கையில்ல. முட்டுக்கை பட்டனுக்குப் பெருசு, ரெண்டும் ஒண்ணாப் படும். குனிஞ்சு மூக்கால தொட்டுப் பார்த்தேன். தொட்டுருச்சு! "நிச்சயமா?"ன்னு கேக்குது போன். சேர்க்கவா, நிச்சயமான்னு. மூக்குதானே அமுக்குச்சு, நான் இல்லைன்னுகூடச் சொல்லிக்கலாம். இன்னொரு தடவை குனிஞ்சாப் போதும். ஆனா அந்த "நிச்சயமா"வைப் பார்த்ததும் மூக்கு தானா நிமிர்ந்துருச்சு. முட்டுக்கையால ஓரத்துல இடிச்சு இடிச்சு அந்தக் கேள்வியைப் போக வச்சேன். பட்டன் மறுபடி ரெண்டும் அப்படியே நிக்குது.

பானைதான் பிரச்சினை. ஒன்பதாம் பக்கம், அடியில இருந்து மூணாவது வரி. "மார்ச் முதல் வாரத்தில், வெள்ளை அடித்த பள்ளியின் பெற்றோர் சிலர் குழந்தைகளின் குடிநீருக்காக நான்கு மண்பானைகள் வாங்கித் தந்தனர்." அவ்வளவுதான். அதுக்கப்புறம் அந்த மனுசன் பானையைப் பத்திப் பேசவே இல்ல. எதுக்கு எழுதினாரு இதை? எழுதாம விட்டிருந்தா எந்தப் பயலுக்குத் தெரியப்போகுது? அந்தப் பெத்தவங்களும் கட்டுரை படிக்கப்போறதில்ல, பானையும் சாட்சி சொல்ல வராது. தன் ஆராய்ச்சியில தானே ஓட்டை போட்டு வச்சிருக்காரு, நல்ல மனுசன், அவரு நல்லா இருக்கணும், ஆனா என் தலையில வந்து விடிஞ்சிருச்சு. ஏன்னா எங்க சட்டத்துல ஒரு வரி இருக்கு: அளக்கிற காலத்தில் வகுப்பறையில் வேறு எந்த மாற்றமும் செய்திருக்கக் கூடாது. எழுதினது யாரு? நான்தான். ஃபேனை மனசுல வச்சுக்கிட்டு எழுதினேன். வெள்ளையும் அடிச்சு ஃபேனும் மாட்டிட்டு வெள்ளையால குளிர்ந்துச்சுன்னு எவனாவது கதை விடுவான்னு. "வேற எந்த மாத்தமும்னா என்ன மேடம்?"னு நிஷா கேட்டா. "எதுவும்னா எதுவும்தாம்மா"ன்னேன், மேசையில தட்டி. தட்டின கை இதுதான், இப்ப மருதாணியில கிடக்கு. சரி, பானை ஒரு மாத்தமா? பானை வகுப்பறைக்குள்ளயா இருந்துச்சு? வெளிய நடையில வச்சிருந்தா? வகுப்பறையில மாத்தம்னுதான் எழுதியிருக்கேன், நடையிலன்னு எழுதலையே. அட செண்பகவல்லி, வக்கீல் பேச்சுப் பேசுறியே, வெக்கமா இல்ல? பானை எங்க இருந்தா என்ன, தண்ணி பிள்ளை வயித்துக்குள்ளதானே போச்சு. ஆனா நாலு பானைத் தண்ணியில கணக்கு வருமா? தண்ணி குடிச்சா ஏழெட்டு அம்பத்தாறுன்னு தெரிஞ்சிருமா? சுண்ணாம்புதான் காரணம். சுண்ணாம்பாத்தான் இருக்கணும். பானை சும்மா ஒரு ஓரமா இருந்துச்சு. வேர்வை நெத்தியில இருந்து இறங்கிக் கண்ணுல போகுது, துடைக்க வழியில்ல, தோளைத் தூக்கித் துடைக்கப் பார்த்தா சேலையில மருதாணி படும், உலகு கொன்னே போடுவா. தலை விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது. தகரம் டிக், டிக்னு சத்தம் போடுது, வெயில்ல விரியுதுபோல. இன்னொரு தடவை படிப்போம். மார்ச் முதல் வாரத்தில், வெள்ளை அடித்த, வெள்ளை அடித்த, பள்ளியின்... வரி எங்க போச்சு? மேல இருந்து வந்தேன், இப்ப எங்க நிக்கேன்? எழுத்து ஒண்ணுமேல ஒண்ணு ஏறுது. லேசா ஆடுது. கண்ணை மூடித் திறந்து பார்த்தேன். ஆடத்தான் செய்யுது. ஐயோ, நெளியுது. எழுத்து நெளியுது டீச்சர். இதைத்தானே தாயி சொன்னே. எனக்குப் பயமா வந்துருச்சு. பிரஷர் மாத்திரை காலையில போட்டேனா? கீழ நாதஸ்வர செட்டுக்காரரோட யாரோ சத்தமாப் பேசுதாங்க, கூப்பிட்டா கேக்காது. எந்திரிச்சா விழுந்துருவேனோன்னு இருக்கு. கல்யாண வீட்டுல பெரியம்மா மயங்கி அண்டாவுக்குள்ள விழுந்தான்னு காலத்துக்கும் சொல்லிச் சிரிப்பாங்க. இசக்கியம்மா தினம் இப்படித்தான் உக்காந்திருந்தாளா, ஒரு சத்தம் போடாம, மக்குன்னு பேரு வாங்கிக்கிட்டு?

படியில கொலுசு கேட்டுச்சு. உலகு. "எக்கா, கரண்டு போயி எம்புட்டு நேரமாச்சு, நீ இங்கனயா இருக்கே? ஒரு குரல் கொடுக்கக் கூடாது?" "கொடுத்தா உனக்குக் கேக்கவா போகுது? நீதான் மாப்பிள்ளை வீட்டாளுக்கு ரூம் போடுறதுல கலெக்டரா இருக்கியே." "வாய் மட்டும் குறையாது. மூஞ்சியைப் பாரு, வெளுத்துப்போய்க் கிடக்கு. அப்பவே நெனச்சேன், இந்தத் தகரத்துக்குக் கீழ விட்டேனேன்னு. இந்தா, வாயைத் தொற." பந்தல்ல வந்தவங்களுக்குன்னு வச்சிருக்கிற பானையில இருந்து ஒரு பெரிய சொம்பு நிறைய மோந்துக்கிட்டு வந்திருந்தா. சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கிற மாதிரி மோவாயைப் பிடிச்சு நிமித்திவிட்டு ஊத்தினா. பானைத் தண்ணி. மண் வாசனையோட, லேசா வெட்டிவேர் போட்டிருப்பாங்கபோல. தொண்டையில இறங்குறது தெரியுது, நெஞ்சுல இறங்குறது தெரியுது, காதுக்குப் பின்னால என்னமோ ஒண்ணு கட்டவிழ்ந்து போகுது. "மெதுவாக் குடி, பொறை ஏறிரும்." பாதிச் சொம்பு போச்சு. முந்தானையால என் மூஞ்சி, கழுத்து எல்லாத்தையும் துடைச்சுவிட்டா. கிழவி மாதிரி ஆயிட்டியேக்கான்னா. போடி, உன்னைவிட ரெண்டு வயசுதான் மூப்புன்னேன். மீதித் தண்ணியையும் ஊத்தினா. "கீழ வந்துரு, எம்பக்கத்துலயே உக்காரு, ஒருத்தரும் இடிக்க விடமாட்டேன்." "செத்த நேரம் இரு, உலகு. ஒரு வேலை இருக்கு." சொல்லிட்டு போனைப் பார்த்தேன், சும்மாதான் பார்த்தேன்.

எழுத்து நிக்குது. மார்ச் முதல் வாரத்தில், வெள்ளை அடித்த பள்ளியின் பெற்றோர் சிலர். ஒவ்வொண்ணும் அதுஅது இடத்துல சும்மா நிக்குது. அண்ணாந்து பார்த்தேன். அதே தகரம். அதே வெயில். யாரும் வந்து வெள்ளை அடிக்கலை, ஃபேன் சுத்தலை, கரண்டு வரலை. ஒரு சொம்புத் தண்ணி மட்டும்தான் உள்ள போயிருக்கு. அடப்பாவி பானையே. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஒத்தைப் பொம்பளை, ஒத்தைச் சொம்பு, இதை ஆராய்ச்சின்னு சொன்னா நிஷா விழுந்து விழுந்து சிரிப்பா. இது எதையும் நிரூபிக்கலை, சரிதான். ஆனா பானை சும்மா ஓரமா இருந்துச்சுன்னு இனி என்னால சொல்ல முடியாது. அந்தப் பிள்ளைங்க கணக்கு சரியாப் போட்டது சுண்ணாம்பாலயா, தண்ணியாலயா, ரெண்டாலயுமா? அந்தக் கட்டுரைக்குத் தெரியாது. அதை எழுதினவருக்குத் தெரியாது, அதனாலதான் அந்த வரியை எழுதி வச்சிருக்காரு. எனக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு திங்கக்கிழமை போய்ச் சொன்னா என்ன ஆகும்? நல்லதுதானே ஆகும், கூரைக்கு வெள்ளை அடிப்பாங்க, யாருக்கு என்ன நஷ்டம்? அப்படித்தான் உள்ள ஒருத்தி இன்னும் பேசிக்கிட்டே இருக்கா. அடிச்சதுக்கு அப்புறமும் இசக்கியம்மாவுக்கு எழுத்து நெளிஞ்சா? கூரைக்குத்தான் வெள்ளை அடிச்சாச்சே, இனியும் படிக்கலேன்னா நீ மக்குதான்னு அந்த டீச்சர் சொல்லுவாங்க. ஆராய்ச்சியே சொல்லிருச்சுன்னு சொல்லுவாங்க. அதுக்கு நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். இல்ல, மாட்டேன். இந்தக் கட்டுரையை விட்டா, பிள்ளைங்க படிப்பைப் பத்திக் காட்ட ஒண்ணுமில்லாம வெறுங்கையாத்தான் திங்கக்கிழமை போகணும். கூரை குளிரும், படிப்புக்கு உதவுமான்னு இதுவரைக்கும் யாருக்கும் தெரியாதுன்னு எழுதிக் கொடுக்கணும். ஆபீஸர் அந்த ஃபைலை மூடிருவாரு. வர்ற ஏப்ரல்ல அந்த நோட்டு எல்லாம் மறுபடி தலைமேல ஏறும். எனக்கு நெஞ்சு வலிக்குது, தண்ணி குடிச்ச பிறகும் வலிக்குது. இன்பராஜ் ஜெயிச்சிட்டாரு. "உங்க துறையில ஆசைதானே மேடம்." அந்த ஆளு மூஞ்சியில சிரிப்பைப் பார்க்கணும், அதையும் பார்த்துத் தொலைப்போம்.

"உலகு, உன் கை சுத்தமா இருக்கா?" "எதுக்கு?" "அந்த போன்ல சிவப்பா ஒரு பட்டன் இருக்கு பாரு, அதை ஒரு அமுக்கு அமுக்கு." அவ குனிஞ்சு பார்த்தா. "பக்கத்துல பச்சை இருக்கே, கல்யாண வீட்டுல பச்சையை அமுக்குக்கா, எதுக்குச் சிவப்பு?" "நான் சொல்லுறதைச் செய்யேன்டி." "நிச்சயமான்னு கேக்குதே." ஒரு மூச்சு விட்டேன். "நிச்சயம்தான். அமுக்கு." அமுக்கிட்டா. மருதாணி படாத, மஞ்சள் ஒட்டின அவ விரலால, ரொம்ப சாதாரணமா. திரை ஒரு தடவை வெள்ளையாப் போய்த் திரும்பி வந்துச்சு. இப்ப ரெண்டு பேரு பேரும் தெரியுது, பேருக்கு நேரா அவங்கவங்க போட்டது, அடியில அவங்கவங்க குறிப்பு. விடு: ரஹ்மத் நிஷா. சேர்: இன்பராஜ். மாத்திப் படிச்சிட்டேன்னு நினைச்சேன். எழுத்து மறுபடி நெளியுதோன்னு பார்த்தேன். இல்ல, நல்லா நிக்குது. குறிப்பை இங்கிலீஷ்லதான் எழுதியிருந்தாங்க, எனக்கு என்னவோ அவங்கவங்க குரல்ல தமிழ்லயே கேட்டுச்சு. நிஷா எழுதியிருக்கா: "இது நமக்கு வேணும், ரொம்ப வேணும். அதனால ரெண்டு தடவை படிச்சேன். ஒன்பதாம் பக்கத்துல பானை இருக்கு. விடணும்." இன்பராஜ் எழுதியிருக்காரு: "எனக்குச் சுண்ணாம்புல நம்பிக்கை இல்லை. இதைத் தூக்கி எறியணும்னு கை துடிக்குது, அந்தக் கையை நான் நம்பலை. பானை இருக்கு, ஆனா அதைப் பெரிசுபடுத்துறது என் வெறுப்பாக்கூட இருக்கலாம். சந்தேகத்தோட பலன் கட்டுரைக்கே போகட்டும். சேர்க்கலாம்." ரெண்டு பேரும் பானையைப் பார்த்திருக்காங்க. பார்த்துட்டு, அவ அவளோட ஆசைக்கு எதிரா நின்னிருக்கா, அவரு அவரோட வெறுப்புக்கு எதிரா நின்னிருக்காரு. ஒருத்தருக்கொருத்தர் தெரியாம, யாரும் கைதட்டப் போறதில்லைன்னு தெரிஞ்சே. நான் ஒரு மணி நேரமா இந்த மனுசனைத் தகரத்துக்குக் கீழ உக்காந்து வஞ்சுக்கிட்டு இருந்திருக்கேன். வெட்கமாவும் இருக்கு, தூக்கி வச்சுக் கொண்டாடணும்போலவும் இருக்கு. இப்படிப்பட்ட ரெண்டு பேரு நடுவுல என்னைக் கொண்டுவந்து உக்கார வச்சிருக்கே இந்த வேலை, அதுக்கு நான் என்ன பாக்கியம் செஞ்சேன்.

போன் அடிச்சுச்சு. இன்பராஜ்தான், அவருக்கும் முடிவு தெரிஞ்சிருக்கும். உலகு எடுத்து என் காதுல வச்சா. "மேடம், விட்டுட்டீங்க." "ஆமா சார்." "நல்லது மேடம். அதை விட்டா நமக்கு ஒண்ணுமே மிஞ்சாதுன்னு தெரிஞ்சே விட்டிருக்கீங்க. நீங்க பச்சையைத்தான் போடுவீங்கன்னு நினைச்சிருந்தேன்." "நீங்க சிவப்புத்தான் போட்டிருப்பீங்கன்னு நானும் சத்தியமா நம்பிக்கிட்டு இருந்தேன்." அவரே தொடர்ந்து, "திங்கக்கிழமை நானும் கூட வாரேன் மேடம். யாருக்கும் தெரியாதுன்னு எழுதிக் கொடுத்துட்டு, அப்போ நாங்களே கண்டுபிடிச்சுச் சொல்றோம்னு கேட்போம். பாதிப் பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு, மீதியை அப்படியே விட்டு அளப்போம். கூரைமேல நானே ஏறி அடிக்கிறேன். கொடுத்தாக் கொடுக்கட்டும், இல்லேன்னா திட்டட்டும்"ன்னாரு. "பானை?"ன்னேன். "பானை எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் மேடம், முதல் நாளே. பிள்ளைங்க தண்ணி குடிக்கிறதுக்கு எதுக்கு மேடம் ஆராய்ச்சி?" சரி சார்னேன். சார்னு நான் அவரை மனசார கூப்பிட்டது இதுதான் முதல் தடவை, அவருக்குத் தெரியாது. உலகு போனை எடுத்துட்டு என் மூஞ்சியவே பார்த்தா. "என்னக்கா, யாரு அது? எதுக்கு அழுறே?" "ஒரு வருஷமா நான் வஞ்சுக்கிட்டு இருந்த ஆளுடி." "அவரு உன்னைய என்னமும் சொல்லிட்டாரா?" "ஒண்ணும் சொல்லலை. நீ முதல்ல கண்ணைத் துடைச்சுவிடு, எனக்குக் கையில்ல." அவ முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைச்சு, அப்படியே மூக்கையும் சிந்தச் சொல்லித் துடைச்சுவிட்டா.